தகனப் புத்தகமும் விடிந்தால் காணாமல் போகும் ஹார்ட் டிஸ்க்கும்

அன்புள்ள தம்பி பிரயூனுக்கு,

பிச்சித்திலிருந்து உன் அண்ணன் தவின், புத்தரின் அருளும் நம் பெற்றோரின் ஆசியும் உன் வீட்டிலும் அச்சகத்திலும் நிறைந்திருக்க வேண்டி எழுதுவது. உன் மனைவியின் முழங்கால் வலி தேவலையா? உன் அச்சு இயந்திரங்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா? இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் இது மழைக்கால விரதம். பீர் குடிப்பதில்லை, பொய் சொல்வதில்லை என்று விகாரையில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே உன் அண்ணி லம்துவன் நலம், நான் பாதி நலம், உன் மகன் கொடுத்த கம்ப்யூட்டர் நலமே இல்லை என்று உள்ளபடி தெரிவித்துக்கொள்கிறேன்.

இதைப் போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள், "அண்ணே, மெஷின் ஓடுது, ஒண்ணும் கேக்கல" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். கை கழுவிக்கொண்டு உட்கார்ந்து முழுவதும் படி.

விஷயம் என் தகனப் புத்தகம். விரதம் முடிவதற்குள் முழுவதையும் எழுதி உன் அச்சகத்தில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா, அது நடக்காது போலிருக்கிறது. தகனத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்ப ஊரெல்லாம் புத்தகம் போடுகிறார்கள், உன் பிழைப்பே பாதி அதில்தான் ஓடுகிறது, உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் புத்தகங்களைச் செத்தவன் எழுந்து வந்து படித்தால் வெட்கத்தில் மறுபடி போய்ப் படுத்துக்கொள்வான். என் பழைய மேலதிகாரியின் புத்தகத்தில் அவர் முதல் பக்கத்தில் ஒரு ஊரிலும் நான்காம் பக்கத்தில் வேறு ஊரிலும் பிறந்திருந்தார். பக்கத்து வீட்டுச் சம்ருவாய் வாத்தியாருடைய அண்ணன் புத்தகத்தில் அட்டைப்படம் அவருடையதே அல்ல, அவர் மைத்துனருடையது. மைத்துனர் பந்தலில் உட்கார்ந்து சாதம் சாப்பிட்டுக்கொண்டே தன் தகனப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அது உன் அச்சகத்தில் அடித்ததல்ல என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். செத்த பிறகு பிழைதிருத்த முடியாது, அதனால்தான் இருக்கும்போதே நானே எழுதுவது என்று உட்கார்ந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நாளைக்கு எனக்காகத் தலையை மழித்துக்கொண்டு ஒருநாள் பிக்குவாகச் சிதைக்கு முன்னால் நடக்க வேண்டியவன் உன் மகன் கோல்ஃப்தான். அதை அவன் நன்றாகவே செய்வான். ஆனால் புத்தகத்தையும் அவனே எழுதினால், 'பெரியப்பா நல்லவர், மாம்பழம் பிடிக்கும்' என்று இரண்டு வரி இருக்கும், மீதிப் பக்கமெல்லாம் தாமரைப்பூப் படமாக இருக்கும்.

அவசரம் ஏன் என்று உனக்கே தெரியும். இதயத்துக்குப் போகும் குழாய்கள் அடைத்திருக்கின்றன, விரதம் முடிந்த மறுவாரம் நெஞ்சைத் திறந்து சரிசெய்கிறோம் என்று உன் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டார்கள். அடைப்பு எடுப்பது எனக்குத் தெரியாத வேலையா? நீர்ப்பாசனத் துறையில் வாழ்நாள் முழுக்க வாய்க்காலில் அடைப்பு எடுத்தவன். ஆனால் அப்போதெல்லாம் வாய்க்கால் படுத்திருக்கும், நான் கரையில் நின்றுகொண்டிருப்பேன். இந்தத் தடவை படுத்திருக்கப் போவது நான். ஆகவே அந்த நாளுக்கு முன் புத்தகம் முடிந்தாக வேண்டும். ஒரே ஒரு அத்தியாயம்தான் பாக்கி. எழுதியதெல்லாம் உன் மகன் கொடுத்த அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டியோ தனக்குள் ஒன்றுமே இல்லை என்கிறது.

பெட்டி வந்த கதையை நீ மறந்திருப்பாய். பாங்காக்கில் கோல்ஃப் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்த கம்பெனியை மூடினார்களே, அங்கிருந்து அவன் தூக்கி வந்தது. "பெரியப்பா, இது வீட்டுக் கம்ப்யூட்டர் இல்ல, வொர்க்ஸ்டேஷன். முப்பது மாடிக் கட்டடத்தையே தாங்கினது. உங்க புத்தகத்தைத் தாங்காதா?" என்றான். அரிசி மூட்டை கனம். விசிறிகள் சுற்ற ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுச் சேவல் கூவுவதை நிறுத்திவிடுகிறது. பக்கத்துக் கதவுக்குத் திருப்புளிகூட வேண்டாம், கைப்பிடியை இழுத்தால் அலமாரி மாதிரி திறந்துகொள்கிறது. இவ்வளவு வசதி இருந்தும் என்ன, ஒரு நாள் காலையில் பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், ஹார்ட் டிஸ்க் எதுவும் காணவில்லை என்று வந்து நின்றது. உடனே கோல்ஃபைப் போனில் பிடித்தேன்.

"கோல்ஃப், உன் பெட்டி டிஸ்க்கைக் காணோம்னு சொல்லுதுடா."

"உள்ளதான் இருக்கும் பெரியப்பா. மெஷினுக்குக் கண்ணுல படல, அவ்வளவுதான்."

"நேத்து சாயங்காலம் வரைக்கும் பட்டுதே?"

"பழசு பெரியப்பா. வயசானா அப்பப்ப இப்படி மறந்துபோகும்."

"யாருடா மறக்கறது?"

"மெஷினைச் சொன்னேன் பெரியப்பா!"

கதவைத் திற, டிஸ்க்கிலிருந்து பலகைக்குப் போகும் சிவப்புக் கேபிளைப் பிடுங்கு, மறுபடி அழுத்திச் செருகு என்று அவன் சொல்லச் சொல்ல நான் செய்தேன். லம்துவன் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தாள். தொலைபேசி நிலையத்தில் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து மாவட்டத்தில் பாதிப் பேருக்கு இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள் அல்லவா, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ மெல்லிசா இருக்கு? எங்க வயரெல்லாம் விரல் மொத்தம் இருக்கும்" என்று மட்டும் சொன்னாள். செருகினேன், அழுத்தினேன், வந்துவிட்டது. அன்று முழுவதும் பெருவெள்ள வருடத்தில் மதகுக் கதவு சிக்கிக்கொண்டதைப் பற்றி உட்கார்ந்த இடத்தில் எழுதித் தள்ளினேன். மாலையில் அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலையில் டிஸ்க்கைக் காணோம்.

"அப்ப கேபிளே செத்திருக்கும் பெரியப்பா. புதுசு வாங்குங்க. பலகையில வேற ஓட்டையில செருகுங்க" என்றான் உன் மகன். சந்தைக்குப் பக்கத்தில் போன் உறை விற்றுக்கொண்டே ரிப்பேர் வேலையும் பார்க்கும் மேக்கிடம் போய்ப் புதுக் கேபிள் வாங்கி வந்து வேறு ஓட்டையில் செருகினேன், வந்துவிட்டது. மேக் ஒரு பெரிய மேதை என்று சம்ருவாய் வாத்தியாரிடம் சொன்னேன். அன்றைக்கு எலிகள் கரையை ஓட்டை போட்ட அத்தியாயத்தை முடித்தேன். மறுநாள் காலையில் டிஸ்க்கைக் காணோம். மேக்கைப் பற்றிச் சொன்னதை வாத்தியாரிடம் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இனிமேல்தான் உனக்கு வேடிக்கையாக இருக்கும், எனக்கு அப்படி இல்லை. பொத்தானை அழுத்தின கையோடு விசைப்பலகையில் இன்னொரு விசையையும் அழுத்தி நீலத் திரைக்குள் போகச் சொன்னான் கோல்ஃப். மேல் மூலையில் என்ன தேதி இருக்கிறது பாருங்கள் என்றான். பார்த்தால் பெட்டி பதினைந்து வருடம் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. "அதான் விஷயம்! உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அது தீர்ந்துபோச்சு. தீர்ந்தா மெஷினுக்குத் தேதியிலேர்ந்து டிஸ்க் எந்த வழியா வரும்ங்கறது வரைக்கும் எல்லாம் மறந்துடும். எல்லா வயரையும் கழட்டுங்க, பேட்டரியை மாத்துங்க, திரும்ப எல்லாத்தையும் செருகுங்க, இன்னிக்குத் தேதியைப் போடுங்க" என்றான். அப்படியே செய்தேன். வருடம் கேட்டது. நம் நாட்டில் ஓய்வூதியப் புத்தகத்தில் எழுதுவது, நிலப் பத்திரத்தில் எழுதுவது, சுவர் நாட்காட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது எதுவோ அதைத்தானே போடுவேன்? 2567 என்று போட்டேன். ஏற்றுக்கொள்ளவில்லை. மறுபடி போட்டேன், பிடிவாதமாக மறுத்தது. கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் ஒப்புக்கொண்டது, 67. புத்தர் கணக்கில் பாதியையாவது மதித்ததே என்று விட்டுவிட்டேன்.

பெட்டி திறந்தது, டிஸ்க்கும் வந்தது, கூடவே வைரஸ் காவல்காரனுடைய உரிமம் நாற்பது சொச்சம் வருடங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது என்று ஒரு சிவப்புப் பலகையும் வந்தது. கோல்ஃபிடம் சொன்னேன்.

"பெரியப்பா, வருஷம் என்ன போட்டீங்க?"

"அறுபத்தேழு."

"ஐயய்யோ, நம்ம வருஷத்தைப் போட்டுட்டீங்களா! அதுக்கு அது புரியாது. வெள்ளைக்காரன் வருஷம் இருபத்தி நாலு போடணும். இப்ப அது தன்னை 2067ன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு."

லம்துவன் பின்னால் நின்றிருந்தாள். "அப்படின்னா அதோட கணக்குப்படி இப்ப இவருக்கு என்ன வயசு?" என்று போனுக்குள் தலையை நீட்டிக் கேட்டாள். நூற்றுப் பதினைந்து என்றான் அவன்.

"இருக்கட்டும். மாத்தாதீங்க."

"தப்பான தேதி, லம்துவன்."

"தப்போ சரியோ, ஒரு மெஷினாவது சொல்லுதே. கையை எடுங்க!"

விசைப்பலகையை என் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. மத்தியானம் மீன் வறுத்துப் போட்டாள், டாக்டர் வேண்டாம் என்ற தேங்காய்ப்பாலை மட்டும் சேர்க்காமல் மற்றதெல்லாம் சேர்த்தாள். பெட்டியை நாங்கள் 2067லேயே விட்டுவிட்டோம். மறுநாள் காலையில், நூற்றுப் பதினைந்து வயதில், டிஸ்க்கைக் காணோம்.

மேக்கை வீட்டுக்கே வரவழைத்தேன். அவன் டிஸ்க்கைக் கழற்றிக் காதில் வைத்துக் கேட்டான், குலுக்கினான், மோந்துகூடப் பார்த்தான். "மாமா, உள்ள இருக்கற ஊசி சூட்டுல ஒட்டிக்கிச்சு. பிளாஸ்டிக்ல நல்லா சுத்தி ஒரு ராத்திரி ஃப்ரீஸர்ல வையுங்க, சரியாயிடும்" என்றான். இதை எங்கே படித்தாய் என்று கேட்டேன். படிக்கவில்லை, இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் திரும்பி வரவில்லை, அப்படியானால் சரியாகியிருக்கும் என்றான். இந்தப் பதில் எனக்கு அப்போது நியாயமாகத்தான் பட்டது. டிஸ்க்கைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு ஃப்ரீஸரில் வைத்தேன். அங்கே லம்துவன் காலையில் பிக்குகளுக்குப் போடுவதற்காக வாழைப்பழம் வைத்துச் செய்த பசையரிசிப் பொட்டலங்களையும் அடுக்கியிருந்தாள். இதில் நடந்ததை நான் குற்றமாகச் சொல்லவில்லை, விடியற்காலை இருட்டு, அவளுக்கும் கண்ணாடி வேண்டும், மறுக்கிறாள். நான் எழுந்து ஃப்ரீஸரைத் திறந்தபோது அங்கே பசையரிசி மட்டும்தான் இருந்தது. என் பிறப்பு, என் பள்ளிக்கூடம், என் மதகுகள் எல்லாம் பிச்சைப் பாத்திரத்தில் ஏறி விகாரைக்குப் போய்விட்டன.

கொடுத்த தானத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்காமல் எப்படி விடுவது? நெஞ்சில் கைவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் விகாரையின் தலைமைப் பிக்கு லுவாங் போவே தன் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார்.

"உபாசகரே, இது உங்க வீட்டுதா?"

"ஆமா சாமி. மன்னிக்கணும் சாமி."

"நாப்பது வருஷமா பிச்சை வாங்கறேன். இது வேகறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு எங்க யாருக்கும் தெரியல."

ஒரு பிக்கு கடித்துப் பார்த்துவிட்டாராம், பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஆறுதலும் சொன்னார். சம்ருவாய் வாத்தியார் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், இந்தப் பக்கம் வந்து, "என்னய்யா தவின், பாத்திரத்துக்குள்ள போயிட்டு வந்த சாமான், வந்திருக்கறவரோ லுவாங் போ. புதுக் காருக்கு மந்திரம் சொல்லி நூல் கட்டற மாதிரி இதுக்கும் கட்டச் சொல்லிடு. அந்த மூடின கம்பெனியோட பீடை உள்ள இருக்கும்" என்றார். எனக்கும் அந்த நிலையில் யார் எது சொன்னாலும் சரியாகத்தான் பட்டது. டிஸ்க்கை உள்ளே வைத்துக் கேபிளைச் செருகினேன். லுவாங் போ பெட்டியின் நெற்றியில் வெண்சாந்தால் புள்ளிகள் இட்டு, தங்கத்தாள் ஒட்டி, மந்திரம் சொல்லிக்கொண்டே தீர்த்தம் தெளித்தார். நான் பெட்டிக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். "குடையை எடுத்தா அருள் எறங்கும், எடுக்கலேன்னா மெஷின் பொழைக்கும். நீங்களே யோசிச்சுக்குங்க" என்று சிரித்தார். பாதி எடுத்தேன். கடைசியாகப் பெட்டியைச் சுற்றி வெள்ளை நூல் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார். பொத்தானை அழுத்தினேன், டிஸ்க் வந்தது.

தம்பி, மறுநாள் காலையிலும் வந்தது! அதற்கு மறுநாளும் வந்தது. ஒரு வாரம் போல நான் ராஜாவாக இருந்தேன். வாத்தியார் தினமும் வந்து, "சொன்னேனா இல்லையா" என்று ஒரு கோப்பை காப்பி குடித்துவிட்டுப் போனார். மாற்றல்கள், ஓய்வு பெற்ற நாள், விகாரைக் கூரை திருப்பணி எல்லாம் முடித்தேன். லம்துவன்தான் ஏனோ சோர்ந்துபோய் இருந்தாள், காலையில் எழுந்து பெட்டிக்கு முன்னால் நின்று நூலையே பார்த்துக்கொண்டிருப்பாள். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தேன். ஒரு நாள் சாப்பிடும்போது, "நாளைக்குக் கடைசி அத்தியாயம், எழுதிட்டா ஆச்சு, அப்புறம் எந்தக் கவலையும் இல்லாம டாக்டர் முன்னால போய்ப் படுத்துப்பேன்" என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். கை வழுக்கிவிட்டது என்றாள்.

மறுநாள் காலையில் டிஸ்க்கைக் காணோம். நூல் கட்டினபடியே இருக்கிறது, யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. முடிச்சு மட்டும் லுவாங் போ போட்டபோது கோணலாக இருந்தது, இப்போது ரிப்பன் கட்டினது மாதிரி அழகாக இருக்கிறது. ஈரக்காற்றுக்கு நூல் தானாக இறுகி வடிவத்துக்கு வரும் என்பது வாத்தியாரின் கருத்து. தீர்த்தம் உள்ளே போய்விட்டது, குடையைப் பாதியாவது எடுத்திருக்கக் கூடாது என்பது மேக்கின் கருத்து. வருடத்தை மாற்றாததுதான் காரணம் என்கிறான் உன் மகன். சரி, கதவைத் திறந்து பார்க்கலாம் என்றால் நூலை அவிழ்க்க வேண்டும். லம்துவன் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "ஆபரேஷன் முடியற வரைக்கும் அந்த நூல்மேல யாரும் கை வெக்கக் கூடாது. சாமி கட்டினது. என் தலைமேல ஏறித்தான் திறக்கணும்" என்கிறாள். அவளை எதிர்த்து இந்த வீட்டில் எந்தக் கதவும் திறந்ததில்லை.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் குற்றவாளி கோல்ஃப் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். கேபிள், பேட்டரி, குளிர், மந்திரம் என்று எது செய்தாலும் ஒரு நாள் ஓடிவிட்டு நிற்கிறது என்றால் அது அடிப்படையிலேயே ஓட்டை என்றுதானே அர்த்தம்? விளையாட்டின் பெயரை வைத்தாய், ஒரு நாளாவது மைதானத்தில் இறங்கியிருப்பானா? பெரியப்பன் தலையில் கட்டுவதற்கு அவனுக்கு வேறு குப்பை கிடைக்கவில்லையா? எனக்காக மழிக்க வேண்டிய தலையை அவன் இப்போதே மழித்துக்கொள்ளட்டும், பிராயச்சித்தமாக இருக்கும். இதை அவனிடம் இதே வார்த்தைகளில் படித்துக் காட்டு.

கோபத்தில் எழுதிவிட்டேன். கோல்ஃப் நல்ல பையன், படித்துக் காட்டாதே. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது, பிரயூன். டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். மதகு திறக்கும் முன் நானும் கீழே நிற்கிறவர்களிடம் அதைத்தான் சொல்வேன். நான் திரும்பி வராமல் போனால், இந்த ஊர் வயல்களுக்குத் தண்ணீர் விட்டவன் இன்னான் என்று ஒரு வரியாவது என் சொந்த வார்த்தையில் இருக்க வேண்டும் என்று ஆசை. அதையும்விட அந்தக் கடைசி அத்தியாயம். அது லம்துவனைப் பற்றியது. இதை அவளிடம் சொல்லாதே. இத்தனை வருடத்தில் அவளிடம் ஒரு நல்ல வார்த்தை முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை, குழம்பில் உப்புக் குறைந்தால் மட்டும்தான் வாய் வரும். புத்தகத்தில் எழுதிவிட்டால் நான் போன பிறகு அவள் படித்துக்கொள்வாள், அப்போது என் முகத்தை அவள் பார்க்க வேண்டியதில்லை, அவள் முகத்தை நானும் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். அதை எழுத உட்காரும்போதெல்லாம்தான் இந்தப் பெட்டி இப்படிச் செய்கிறது.

ஆகவே நீ செய்ய வேண்டியது, அச்சு இயந்திரத்தில் எனக்காக ஒதுக்கிய நாளை வேறு எவனுடைய கல்யாணப் பத்திரிகைக்கும் கொடுத்துவிடாதே. கோல்ஃபை ஒரு நாள் இங்கே அனுப்பு. அவன் கெஞ்சினால் பெரியம்மா மனம் இரங்கி நூலை அவிழ்க்கவிடுவாள், அவனுக்கு மட்டும் அவள் எதையும் மறுப்பதில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பவள் லம்துவன்தான். கவலைப்படாதே, அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. தொலைபேசி நிலையத்தில் மாவட்டத்தின் ரகசியமெல்லாம் காதில் விழுந்தும் ஒன்றும் கேட்காதவள் மாதிரி இருந்தவள்.

உன் வீட்டார் எல்லாருக்கும் நோய் வராமல், உன் அச்சில் எழுத்துப்பிழை வராமல், உன் மனைவியின் முழங்காலும் உன் மெஷினும் என் இதயமும் இனிமேலாவது சத்தமில்லாமல் ஓட அருள் கிடைக்கட்டும். பெரியவர்கள் படத்துக்கு என் சார்பில் ஒரு ஊதுபத்தி ஏற்று.

அன்புள்ள அண்ணன்,
தவின்

பின்குறிப்பு: கடிதத்தோடு லம்துவன் உனக்கு ஒரு பொட்டலம் அனுப்புகிறாள், பம்பளிமாஸ் தோல் மிட்டாய் என்றாள். தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். சர்க்கரையை வாரிக் கொட்டியிருப்பாள், பார்த்துச் சாப்பிடு.

பின்குறிப்புக்கும் பின்னால் ஒரு குறிப்பு: தம்பி, இது அண்ணி எழுதறது. அடுத்தவங்க கடுதாசி படிக்கற பழக்கம் எனக்கு இல்லைதான். ஆனா மடிக்கறப்ப என் பேர் கண்ணுல பட்டுச்சு. என் பேர் இருந்தா அது என் கடுதாசிதானே, ரெண்டு தடவை படிச்சேன்.

கோல்ஃபைத் திட்டாதீங்க. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. விடியக்காலைல பிக்குகளுக்கு அன்னம் போட எழுந்திருக்கறப்ப நான்தான் அந்தக் கேபிளை ஒரு நெல்லளவு வெளிய இழுத்து விடுவேன். பார்த்தா செருகின மாதிரியே இருக்கும், பேச்சு மட்டும் போகாது. எங்க போர்டுல தொந்தரவு குடுக்கற ஆளுங்களுக்கு அப்படித்தான் பண்ணுவோம். அப்புறம் நேரா போய் அன்னம் போட்டுடுவேன், பாவமும் புண்ணியமும் சரியாப் போயிடும்னு நெனச்சுக்குவேன். பொய் சொல்லல, ஏன்னா என்கிட்ட யாரும் கேக்கல. பாத்திரத்துல போட்டதும் இருட்டுல தெரியாமப் போட்டதில்ல. சாமிக்குக் குடுத்துட்டா திரும்பி வராதுன்னு நெனச்சேன், அவரு வண்டியைப் போட்டுக்கிட்டு வந்துட்டாரு. நூல் கட்டினதும் அதை அறுத்தா உங்க அண்ணனுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு ஒரு வாரம் சும்மா இருந்தேன். ஆனா "நாளைக்கு முடிஞ்சுடும், நிம்மதியா போய்ப் படுத்துப்பேன்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு பாருங்க, மறுநாள் விடியக்காலைல நூல்ல கை வெச்சுட்டேன். அறுக்கல. அவிழ்த்துட்டுத் திரும்பக் கட்டிட்டேன்.

தன் தகனப் புத்தகத்தை முடிச்சு வெச்சுட்டு ஒரு மனுஷன் ஆபரேஷனுக்குப் போகலாமா தம்பி? எல்லாம் முடிஞ்சுதுன்னு படுத்தா அப்புறம் எதுக்கு எழுந்திருப்பாரு? உங்க அண்ணனை உங்களுக்குத் தெரியாதா, ஒரு மதகு திறக்காம பாக்கி இருந்தா காய்ச்சல்லகூட எழுந்து ஓடுவாரு. அவருக்கு ஒரு வேலை பாக்கி இருக்கணும்.

பொட்டலத்துல இருக்கறது மிட்டாய் இல்ல, டிஸ்க். உங்க பீரோவுல பூட்டி வையுங்க. யாரு கேட்டாலும் தராதீங்க, நானே அழுதுகிட்டு வந்து கேட்டாலும் தராதீங்க. மிட்டாய் டப்பாவை அது இருந்த எடத்துல வெச்சு நூலைக் கட்டிட்டேன். கோல்ஃப் வந்து திறந்தா அவனுக்குத்தான், இவ்ளோ திட்டு வாங்கினதுக்கு. தையல் பிரிச்சு, உடம்பு தேறி, உங்க அண்ணன் தன் காலாலேயே நடந்து உங்க அச்சகத்துக்கு வந்து, மெஷின் சத்தத்துக்கு மேல கத்தி "எங்கடா என் டிஸ்க்கு"ன்னு கேப்பாரு. அப்பக் குடுங்க.

கடைசி அத்தியாயத்தை மட்டும் அச்சடிக்காதீங்க. அதை எழுதவே வேண்டாம்னு சொல்லுங்க. உப்பில்லேன்னு சொல்ற அதே வாயால எதிர்ல உக்காந்து என்கிட்டச் சொல்லட்டும். நான் கேட்டுக்கறேன்.